பேர் மாறாத வண்டி

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"நீ எழுதுறவன்தானே. போலீஸுக்கு என் வாக்குமூலம் எழுதிக் கொடுக்கணும். நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. நாளைக்குக் காலையில கொண்டு போகணும்."

நடந்ததை நடந்தபடி எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்? ஆனாலும் உட்கார்ந்தேன். தொடங்கிய விதங்களை மறைக்காமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: "கீழே கையொப்பமிட்டுள்ள, பள்ளி வேன் ஓட்டுநராகிய நான், எனக்குச் சொந்தமாக இருந்த காரை—"

இருந்த காரா, இருக்கிற காரா? வண்டிப் பதிவு அலுவலகத்தைக் கேட்டால் இருக்கிறது. அக்காவைக் கேட்டால் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "விடியாத சாலையில், மழை கழுவிவிட்ட கறுப்பில், ஒற்றைச் சைக்கிளின் மணியோசை—"

இது அழகாக வந்துவிடும் போலிருந்தது, அதனால் அடித்துவிட்டேன். பேப்பர் போடப் போன அந்தச் சைக்கிள்காரர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்கு என் மணியோசை எதற்கு?

மூன்றாம் தொடக்கம்தான் நின்றது. கீழே இருக்கிறது.

2

போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து நம்பர் பிளேட்டை எடுத்து, எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். ஒரு ஓரம் மடங்கிப் போயிருந்தது. மறு ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு வந்திருந்தாள். வேன் சாவி கையிலேயே இருந்தது.

"இது உங்க வண்டி நம்பர்தானேம்மா?"

"நம்பர் என்னுதுதான். வண்டி என்னுது இல்ல. அதை வித்துட்டேன்."

"யாருக்கு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியார் சமையலறையிலிருந்து வந்து, "டீ போடட்டுமா தம்பி?" என்று கேட்டாள். போலீஸ்காரர் வேண்டாம் என்றார். அதற்குள் அக்காவின் வாய் மூடிவிட்டது.

"வித்திருந்தா பேர் மாறியிருக்கணுமே. ஆபீஸ்ல உங்க பேர்தான் இருக்கு. சைக்கிள்ல போனவரை அடிச்சுட்டு வண்டி நிக்காம போயிருக்கு. பிளேட் மட்டும் அங்கேயே கழண்டு விழுந்துடுச்சு. யார் ஓட்டினதுன்னு நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுங்க. குடுக்கலைன்னா நீங்கதான் ஓட்டினீங்கன்னு எடுத்துக்குவோம்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மனிதர் நல்லவர். நல்லவர்கள் சொல்லும்போதுதான் அதை நம்ப வேண்டியிருக்கிறது. அக்காவிடம் சொத்து என்று இருப்பது அந்த லைசென்ஸ் ஒன்றுதான். அது போனால் வேன் போகும். அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனவள் என்று பேர் வந்தபிறகு, எந்தத் தாய் தன் பிள்ளையை அவளை நம்பி ஏற்றிவிடுவாள்?

3

(இந்தப் பகுதியைத்தான் பலமுறை திருத்தினேன்.)

வண்டியை விற்பது என்றால் இரண்டு மாற்றம் நடக்க வேண்டும். ஒன்று கை மாற வேண்டும், இன்னொன்று பேர் மாற வேண்டும். கை மாறுவதற்குச் சாவியைக் கொடுத்தால் போதும். பேர் மாற, இந்த ஊர்ச் சட்டப்படி விற்றவர் பழைய பிளேட்டைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வாங்கியவர் தன் பேரில் புது நம்பர் எடுக்க வேண்டும். அக்கா வண்டி ஓட்டிப் பிழைப்பவள், அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரோடுதான் வாசலுக்கு வந்தாள்.

வாங்கியவன் அவள் கணவரின் தம்பி. முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவன் சின்னவன்தான். பேசிய தொகையை முழுசாகக் கையில் கொடுத்தான். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

"அண்ணி, பிளேட் அப்படியே இருக்கட்டும். கூட்டிப் பாத்தேன், ராசியான நம்பர். அடுத்த வாரம் நானே போய் இதே நம்பரை என் பேருக்குக் கேட்டு மாத்திக்கிறேன்."

"அதெல்லாம் சரிப்படாதுப்பா. இப்பவே கழட்டிடறேன்."

அப்போது மாமியார் அந்தச் சொல்லைச் சொன்னாள். "நல்ல நாளும் அதுவுமா வண்டியை மூளியாக்காதே."*

மாமா, அதாவது அக்காவின் கணவர், தன் பங்குக்கு, "சொந்தக் கொழுந்தன்கிட்டயே சட்டம் பேசறியா?" என்று சிரித்தார். ரசீது என்ற பேச்சே எழவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அக்காவின் கையிலிருந்து வாங்கி வைக்கப்பட்டது. சாவி கொடுக்கப்பட்டது. அப்போது வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: அக்கா, மாமா, மாமியார், சின்னவன்.

* மூளி: காதில் கழுத்தில் ஒன்றும் இல்லாதவளைச் சொல்வது. புருஷனை இழந்தவளையும் சொல்வார்கள். மாமனார் போன புதிதில் இதே சொல் மாமியார்மேல் விழுந்திருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொண்டவள் அதைத் திருப்பி யார்மேலாவது போடத்தானே செய்வாள்? ஆக, ஒரு தகரத் துண்டைக் கழற்றக் கூடாது என்று தடுத்தது சட்டமும் அல்ல, ராசியும் அல்ல, இந்த ஒரு சொல்தான். இதைப் போலீஸ் வாக்குமூலத்தில் எப்படி எழுதுவது? "மூளி என்று சொன்னதால் கழற்றவில்லை ஐயா" என்றா?

4

சின்னவன் என்ற பாத்திரம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அண்ணி அண்ணி என்று உயிரை விடுகிறவன். அக்கா காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை வாங்க ஓடியவன் அவன்தான், மாமா அல்ல. சரி, கோழையாக எழுதலாம் என்று பார்த்தால் அதற்கு அவன் ஏதாவது பேச வேண்டும். விபத்துக்குப் பிறகு அவன் பேசியது ஒரே ஒருமுறை. சமையலறை வாசலில் நின்று, "இருட்டுல தெரியலை அண்ணி. பயந்துட்டேன்" என்றான். அக்கா, "இறங்கியாவது பாத்தியா?" என்று கேட்டாள். அதற்கு அவன்—

[இந்த இடத்தில் கண்ணீர் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அழுதான் என்பது உண்மைதான். ஆனால் எழுதினால் நீங்கள் இரக்கப்பட்டுவிடுவீர்கள்.]

இப்போது கார் யாரோ ஒரு நண்பனின் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பிளேட் இல்லாமல். மூளியாக.

5

போலீஸ்காரர் போனபிறகு வீட்டில் கூட்டம் கூடியது. மாமாதான் பேசினார். கடையில் வாடிக்கையாளரிடம் டைல்ஸ் விலையைப் படியவைக்கும் அதே குரல்.

"இத்தனை வருஷமா ஓட்டற. ஒரு புகார் உண்டா உன்மேல? உன்னைன்னா ஏதோ ஒரு தடவை தவறிடுச்சுன்னு விட்டுடுவாங்க. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? குடும்பத்துப் பேர் என்ன ஆகும்?"

"என் பேர்?" என்றாள் அக்கா.

"உன் பேர்தான் ஏற்கனவே அதுல இருக்கே."

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. சத்தியமாக நான் எழுதவில்லை. எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது. சொன்னவருக்கு அதில் ஒரு கொடுமை இருப்பதே தெரியாது. இருக்கிற ஒரு வசதியை எடுத்துச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்துபோய் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? எழுதுவான். வேறென்ன கிழிப்பான்.

6

முடிவுகள்:

அ. அக்கா தான்தான் ஓட்டியதாக எழுதிக் கொடுக்கிறாள். லைசென்ஸ் போகிறது. வேனை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். வீட்டில் எல்லோரும் கொஞ்ச நாள் அவளைத் தாங்குதாங்கென்று தாங்குகிறார்கள். பிறகு, சும்மாதானே இருக்கிறாய் என்று வேலை ஏவுகிறார்கள்.

ஆ. கார் திருட்டுப் போய்விட்டதாக எழுதுகிறாள். திருட்டுப் போனபோது ஏன் புகார் கொடுக்கவில்லை என்று போலீஸ்காரர் கேட்கிறார். அதற்கு அவள்— [இதற்குமேல் பொய் சொல்ல எனக்கே தெம்பில்லை.]

இ. உண்மையை எழுதுகிறாள். மாமா, "அப்படி எதையும் அவ எங்களுக்கு விக்கலையே" என்கிறார். மாமியார் அதற்குத் தலையாட்டுகிறாள். அக்கா ஒரு பையோடு வெளியேறுகிறாள். சாலை. தூரத்தில் அவள் உருவம் சின்னதாகிக்கொண்டே போகிறது.

ஈ. சின்னவன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போகிறான். [நான் இதுவரை எழுதியதிலேயே கேவலமான வரி. அடித்தாகிவிட்டது.]

7

ராத்திரி அக்கா வந்து வாக்குமூலத்தைக் கேட்டாள். இருந்ததைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"நல்லாத்தான்டா எழுதியிருக்கே."

எந்த எழுத்தாளனும் இந்த வார்த்தைக்கு மயங்குவான். நானும் மயங்கினேன்.

"எல்லா முடிவுலயும் நான்தான் மாட்டிக்கிறேன். ஒண்ணுல அவன் போறான், அதையும் அடிச்சுட்டே."

"கதைக்கு ஒட்டலக்கா."

"ஒட்டாது." ஒரு தாளை இழுத்து, மூன்றாம் பகுதியில் விரலை வைத்தாள். "இது என்ன? 'ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வைக்கப்பட்டது.' யாரு வாங்கி வச்சது? அதுவா எழுந்துபோய் உக்காந்துக்கிச்சா?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"நாலு பேர் இருந்தாங்கன்னு போட்டிருக்கே. எண்ணிப் பாருடா."

எண்ண வேண்டியதில்லை. ஐந்து பேர். அக்கா குனிந்து முதல் ஸ்க்ரூவில் கை வைத்தபோது, "விடுக்கா, எதுக்கு வம்பு" என்று சொல்லி அதை வாங்கி வைத்தவன் நான்.

உங்களிடம் சொல்லாமல் விட்ட மற்றதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளே வந்து சொல்லிவிடுவாள். மாமாவின் டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். படுக்கை, சாப்பாடு எல்லாம் இவர்கள் மாடியறையில். இந்தக் கதையை எழுதும் மேசைகூட மாமா வாங்கிப் போட்டதுதான்.

"என் வாக்குமூலத்துக்கு ஒரு வரி போதும்" என்றாள். "'வண்டியை என் கொழுந்தனுக்கு வித்துட்டேன்.' அதை நானே எழுதிக்குவேன், அதுக்கு எழுத்தாளன் வேண்டாம். கீழ சாட்சின்னு ஒரு கையெழுத்து வேணும். அவங்க மூணு பேரும் போட மாட்டாங்க. அங்க இருந்தவங்கள்ல என் பக்கத்து ஆளு நீ ஒருத்தன்தான்."

"நான் போட்டா மாமா—"

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை.]

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அது பாட்டுக்கு இலக்கியம் பேசியது. "இந்த மாதிரிக் கதைக்கு நாமளே முடிவு சொல்லக் கூடாதுக்கா. படிக்கிறவங்க கையில விட்டுடணும்."

அக்கா தாள்களை ஒன்றுசேர்த்து, ஓரம் தட்டி, மேசையில் வைத்தாள்.

"மாமாவும் அதையேதான்டா சொல்றாரு. என் கையில விட்டுட்டாராம்."

8

காலை. அந்த ஒரு வரி என் முன்னால் இருக்கிறது. அவள் கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கீழே அவள் பேர். அதற்கும் கீழே "சாட்சி" என்று எழுதி, பக்கத்தில் கோடு இழுத்திருக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். எழுந்து வா என்றோ, போடு என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசகரே, வழக்கப்படி இந்த இடத்தில் பேனாவை உங்களிடம் நீட்டிவிட்டு நான் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நீங்களும் உங்கள் மனசுக்குத் தகுந்தபடி ஒரு முடிவு எழுதிக்கொள்வீர்கள். பெரும்பாலும் நல்ல முடிவாகத்தான் எழுதுவீர்கள். ஆனால் அந்தக் கோட்டில் உங்கள் கையெழுத்து செல்லாது. நீங்கள் அன்றைக்கு வாசலில் இல்லை.

கீழே வேனை ஸ்டார்ட் செய்துவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாரன் ஒருமுறை அடித்தது. மறுபடியும் அடிக்கிறது. நான் இன்னும் இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.