பதின்மூன்றாவது தூண்

சாக்கோட்டைப் பக்கம் உள்ள அந்தப் பூர்வீக வீட்டுக்கு ஏழு பங்காளிகள். ஆறு பேர் சிங்கப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். பக்கத்தில் காரைக்குடியிலேயே தங்கிப்போன குற்றத்துக்காக, வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலை சத்தியமூர்த்தியின் தலையில் விழுந்தது. போன ஐப்பசி மழையில் வீட்டின் நடுக்கட்டான வளவின் ஓட்டுக்கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண்களையெல்லாம் கழற்றி, சுவரை அடியிலிருந்து எழுப்பி, தூண்களைத் திரும்ப நிறுத்த வேண்டும். அதுவும் தை பிறப்பதற்குள். தையில் அவர் மகள் தீக்ஷாவுக்கு அந்த வளவில்தான் கல்யாணம்.

பங்காளிகள் முகம் கோணாமல் வந்து நின்றால்தான் அந்தக் குடும்பத்தில் அது கல்யாணம். ஒருவர் வராவிட்டாலும் சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் இன்னும் மோசம். தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சீமையில் ஒரு வீட்டைப் பிரித்தால், ஜனங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளைத்தான் பார்ப்பார்கள். எந்த வீட்டு நிலைக்கதவு எந்தக் கடையில் சாய்ந்து நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தியமூர்த்தி வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் வருவதற்கு முன்பே சான்றைத் தயாராக வைத்துப் பழகியவர். ஆகவே எல்லாவற்றையும் படம் எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கழற்றிய ஓடு, கழற்றாத ஓடு, கழற்றலாமா என்று யோசிக்கும் கொத்தனார், எதையும் விடவில்லை. குழுவில் யாராவது எப்போதாவது ஒரு கும்பிடு போடுவார்கள். மற்றபடி மயான அமைதி.

"இதையெல்லாம் யாரு பாக்குறாக?" என்று மனைவி சிட்டாள் கேட்டாள். யாரும் பார்க்க வேண்டியதில்லை, இருந்தால் போதும் என்றார் இவர்.

வேலை நல்லபடியாகவே நடந்தது. கல்லலில் இருந்து வந்த கொத்தனார் அந்தோணி பிரபு, கார்த்திகை முடிவதற்குள் தூண்களை நிறுத்திக் கூரையும் ஏற்றிவிட்டார். சத்தியமூர்த்தி பெருமையோடு வளவைப் படமெடுத்துப் போட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த பெரியப்பா மகன் லட்சுமணனுக்கு வேறு வேலை இல்லை. வேலை தொடங்குமுன் எடுத்த படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார்.

"தம்பி, ஒரு தூணக் காணமே" என்று எழுதினார். முதல் படத்தில் பதின்மூன்று. இப்போது பன்னிரண்டு.

தூங்கிக்கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது. அன்றுவரை அந்த வீட்டில் பிறந்த ஒருவரும் தூண்களை எண்ணியதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பதின்மூன்று என்பது எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்திருந்தது. சின்ன வயதில் கோபித்துக்கொண்டால், தான் கட்டிப்பிடித்து அழுதது அந்தத் தூணைத்தான் என்று அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கண்ணம்மை ஆச்சி கோயம்புத்தூரில் இருந்து எழுதினார். அது அடுப்படிக்குப் போகிற வழியில் நின்றது, அதில் ஆணியால் என் பெயரைக் கீறியிருக்கிறேன் என்றார் லட்சுமணன்.

சத்தியமூர்த்தி பழைய படத்தை எண்ணிப் பார்த்தார். பதின்மூன்றுதான் இருந்தது. நாம்தான் எடுத்து விற்றுவிட்டோமோ என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது. பிறகுதான் விளங்கியது. அது பனோரமா படம். முற்றத்தின் நடுவில் நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் சுற்றியிருக்கிறார். முதல் தூண் கடைசியிலும் வந்துவிட்டது. அதில் சாய்ந்து நின்ற அந்தோணி பிரபுவும் இரண்டு தரம் வந்திருந்தார்.

சிவப்பு வட்டம் போட்டு விளக்கி அனுப்பினார். ஆனால் முதல் அந்தோணி பிரபு இந்தப் பக்கம் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசி அந்தோணி பிரபு டீயை முடித்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டும் வேறு ஆள் போலத் தெரிகிறதே என்றார் லட்சுமணன். கொத்தனாருக்குக் கூடப்பிறந்தவர் உண்டா என்று கண்ணம்மை ஆச்சி கேட்டார். ஆன்றோ என்று ஒரு தம்பி உண்டு, இங்கேதான் வேலை செய்கிறார், ஏறக்குறைய அதே உயரம் என்று சத்தியமூர்த்தி உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்தார். பன்னிரண்டு தூணுக்குப் பன்னிரண்டு அடிக்கல்தானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். தரையெல்லாம் புதுசாக ஆத்தங்குடிக் கல் பாவியாச்சு, அடியில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது என்று சென்னையில் இருந்து பதில் வந்தது.

மறுநாள் லட்சுமணன் தனியாகப் போன் செய்தார். "நா ஒண்ணும் சொல்லல தம்பி. கல்யாணத்துக்கு வந்தா நாலு பேரு கேப்பாக. அதான் டிக்கெட் போட யோசிக்கிறேன்."

சத்தியமூர்த்திக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சிட்டாள் இரண்டுமில்லாமல் பேசினாள்.

"ஒரு தூண வாங்கி நிப்பாட்டிருங்க."

"இல்லாத தூணையா?"

"இருந்துச்சுன்னு ஆறு வீட்டுல சொல்றாக. இல்லங்கிறது நீங்க ஒருத்தருதான்."

பழம்பொருள் கடையில் தன் கைக்காசைப் போட்டு ஒரு தேக்குத் தூண் வாங்கினார். எங்கே நிறுத்துவது என்று அந்தோணி பிரபு கேட்டார். அது எங்கே நின்றதென்று லட்சுமணனுக்குத்தான் தெரியும் என்பதால், அவர் சொன்னபடி அடுப்படி வழியில் நிறுத்தினார்கள். உத்திரத்துக்கு ஒரு சாண் எட்டவில்லை. மேலே ஒரு கட்டையைச் செருகினார்கள். அது எதையும் தாங்கவில்லை. சமையல்காரர்கள் மட்டும் அண்டாவை அந்த இடத்தில் சாய்த்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சத்தியமூர்த்தி படமெடுத்து, 'தூண் வந்துவிட்டது, இப்போது பதின்மூன்றும் சரி' என்று எழுதிக் குழுவில் போட்டார். ஏழெட்டு இதயங்கள் வந்தன. லட்சுமணன் டிக்கெட் போட்டார்.

தையில் ஆறு வீட்டாரும் குறையில்லாமல் வந்து இறங்கினார்கள். கண்ணம்மை ஆச்சி அடுப்படி வழித் தூணைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார். கடையின் விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்த தடத்தை விரலால் தடவிப் பார்த்த லட்சுமணன், தன் பெயரின் முதல் எழுத்து இன்னும் தெரிகிறது என்றார். தாலி ஏறியது. சத்தியமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, லட்சுமணன் சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"எங்க சத்தியமூர்த்தி மாதிரி ஒரு மனுசன் கிடைக்க மாட்டாரு. வீட்டுத் தூணு ஒண்ணு எப்படியோ கைதவறி வெளிய போயிருச்சு. நாங்க ஒரு வார்த்தைதான் கேட்டோம். ஒடனே கொண்டாந்து நிப்பாட்டிட்டாரு. யாருக்கு வரும் அந்த மனசு? நாங்களும் அத அன்னைக்கே மன்னிச்சு மறந்துட்டோம்."

சுற்றி நின்ற பங்காளிகள் அன்போடு தலையாட்டினார்கள். ஒருவரிடமும் துளி வஞ்சம் இல்லை. சத்தியமூர்த்தியின் காது சுட்டது. தூண் வருகிறவரை அவர் மேல் சந்தேகம்தான் இருந்தது. வந்த பிறகு அது உறுதியாகிவிட்டது. செத்தாலும் இனி இந்தப் பேர் போகாது என்று நினைக்க அவமானமாக இருந்தது. போனை எடுத்து அந்தப் பனோரமாவைக் காட்டிவிடலாமா என்று சட்டைப்பைக்குக் கை போனது. அதே போனில்தான் 'தூண் வந்துவிட்டது' என்று அவரே எழுதியதும் இருந்தது.

மணவறையில் தீக்ஷா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி மரியாதையான மனிதர். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், எந்தத் தூண் என்று மட்டும் கேட்டார்.

"வாங்க, காட்டுறேன்" என்று சத்தியமூர்த்தி முன்னால் நடந்தார்.