பிறமொழிச் சொல்லுக்கு ஒரு மதிப்பெண் கழியும்

என் தம்பி டேரிலுக்கு பிசியோதெரபி படிக்க ஆசை. ஆசைப்பட்டது அவன், இணையத்தில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது எனக்கு. "உங்களுக்கு ஏற்ற கல்லூரி எது?" என்று கனிவாகக் கேட்ட ஒரு தளத்தில் ஏமாந்துபோய் டாடியின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். அன்று முதல், பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் நிற்கிற மனிதரைக் கூப்பிட்டு, "எம்பிஏ சேர்றீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கல்லூரி ஒருவழியாக அமைந்தது. பணம் அமையவில்லை. கிடைக்காவிட்டால் நானே வங்கிக் கடன் எடுப்பது என்று வீட்டில் யாருக்கும் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன். ஜனவரியில் எனக்கும் கில்பர்ட்டுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதுவது சுலபம். வைட்ஃபீல்ட் மெட்ரோவில் நின்றுகொண்டு இரண்டு முறை அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தமிழ் அறக்கட்டளையின் பக்கம் கண்ணில் பட்டது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை முழுக் கட்டணம். ஒரே நிபந்தனை: காணொலியில் நேர்காணல், முழுக்கத் தமிழில். பிறமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும்.

"நம்ம பேசறது தமிழ்தானே. பேஜார் ஆவாதே நோரா. ஸ்வல்ப ப்ராக்டிஸ் பண்ணா சக்கத்தா பேசுவான்," என்றார் டாடி. கொஞ்சம் பழகினால் பிரமாதமாகப் பேசுவானாம்; கன்னடம் கலந்த அந்த ஒரு பேச்சிலேயே பாதி மதிப்பெண் போயிருக்கும்.

பயிற்சிக்கு உட்கார்ந்தோம். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஃப்ரெண்ட்ஸ் கூட சும்னே ஒரு ரவுண்ட் போனேன். செம ட்ராஃபிக். பேஜாராயிடுச்சு."

அதில் தமிழைத் தேடிப் பொறுக்கினோம். 'ஒரு', 'போனேன்' என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத் தேறியது. 'சும்மா'வுக்குப் பதில் வருகிற 'சும்னே' தமிழ்தான் என்று மம்மி சாதித்தார். சலிப்பு, வருத்தம் எல்லாவற்றுக்கும் நாங்கள் சொல்கிற 'பேஜார்' தன் அப்பா காலத்திலிருந்தே தமிழ் என்று டாடி சண்டைக்கு வந்தார். நாங்கள் அல்சூரில் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்தது என்ன மொழி என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மம்மிதான் வழி சொன்னார். "சண்டே பூசையில வாசகம் படிக்கிறியே, அப்போ மட்டும் எப்டிடா சுத்தமா வருது? அதே மாதிரி பேசிடு."

சனிக்கிழமை காலை, மடிக்கணினித் திரையில் பேராசிரியர் இளங்கோவன் தோன்றினார். அறக்கட்டளைத் தலைவரும் அவரே. சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். கையில் கூர் சீவிய பென்சில். நாங்கள் மூவரும் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால், திரை தெரிகிற இடுக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்."

டேரில் தொண்டையைச் செருமினான். பீடத்தில் நிற்கிற குரல் வந்தது. "என் தந்தை நெற்றி வியர்வை சிந்தி எமக்கு உணவளிக்கிறார். என் தாய் அருள் நிறைந்தவர். என் மூத்த சகோதரியோ சினம் கொள்ளத் தாமதியாதவர்."

மம்மி சிலுவை போட்டுக்கொண்டார். நான் பல்லைக் கடித்தேன்.

"இந்தப் படிப்பு எதற்கு?"

"முடவர் எழுந்து நடக்கவேண்டும். அதுவே என் மன்றாட்டு."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எங்களை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"தேடினோம், கண்டடைந்தோம். முன்னதாக வேறொரு வாசலைத் தட்டினோம். அவர்கள் இன்றளவும் என் தந்தையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்."

டாடி வாயைப் பொத்திக்கொண்டார். பென்சில் அசையவே இல்லை. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"கடைசிக் கேள்வி. இந்த உதவி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?"

அதற்கு எந்த வாசகத்திலும் பதில் இல்லை போலும். பிறகு பேசியது வீட்டு டேரில்.

"அக்கா லோன் எடுத்துடும் சார். பேங்க்ல கேட்டு வெச்சிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கு. அது கல்யாணத்தைத் தள்ளிப்போடும், நான் சும்னே காலேஜ் போய்ட்டிருப்பேன். அதான் சார் பேஜார்."

பென்சில் மளமளவென்று ஓடியது. டாடியும் மம்மியும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. ஒழுங்காக வந்ததைக் கடைசியில் கெடுத்துவிட்டானே, அவன் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் என்றும் இருந்தது.

"லோன் என்று ஏன் சொன்னாய்? கடன் என்ற சொல் தெரியாதா?"

"தெரியும் சார். கடன்னு சொன்னா அக்கா பயந்துடும். லோன்னா பயப்படாம கையெழுத்து போட்டுடும்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், கடைசியில பேசினதுக்குக் கழிக்காதீங்க. அது என்னைப் பத்தின பேச்சு. படிப்பைப் பத்தி பேசினதெல்லாம் சுத்தமா பேசினான்."

பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சினம் கொள்ளத் தாமதியாத சகோதரியா?"

"ஆமா சார்."

"கல்யாணம் எப்போது?"

"ஜனவரியில சார்."

"தை மாதம் என்று சொல்லக் கூடாதா?" என்று கேட்டபடி தாளில் இன்னொரு கோடு போட்டார். எனக்கு மதிப்பெண்ணே இல்லை, என்னிடமும் கழித்தார். பிறகு அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். மதிப்பெண்ணைக் கூட்டுவார் என்று பார்த்தால், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"தேதியை மாற்றாதே அம்மா. கட்டணத்தை நாங்கள் கல்லூரிக்கே கட்டிவிடுகிறோம். ஓகே?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கவேண்டும். காது மடல் சிவந்துபோனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முகத்தைக் காட்டாமல் திரையைவிட்டு நகர்ந்தேன்.

"ஓகே சார்," என்றான் டேரில்.

பேராசிரியர் பென்சிலைத் தொடவில்லை.