சாகும் காட்சியில் ஒரு சிரிப்பு

கலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தள அரங்கில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஊமைப்படம் போடுவார்கள். வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பெண்மணிக்குச் சீட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்று அவள் தலையில் ஒரு பொல்லாத வேலை விழுந்திருந்தது.

"நாலாவது வரிசையில அந்தத் தையல்காரப் பொண்ணு இருக்குல்ல? இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க அக்கா," என்றார் நிகழ்ச்சி அதிகாரி. "கதாநாயகி சாகுற இடத்துல கெக்கெக்கேன்னு சிரிக்குது. போன வாரமும் இதே படம், இதே இடம். கடைசி வரிசை வாத்தியார் புகார் சொல்லிட்டார்."

"அதுக்குக் காது கேக்காது சார். இதை விட்டா அது எந்தப் படத்துக்குப் போகும்?"

"அதுக்காக? இழவு வீட்டுல கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருக்கு."

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சமீபத்தில்தான் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். அவர் மனம் நொந்ததும் நியாயந்தான்.

ஆனாலும் சீட்டக்காவுக்கு ஒன்று பிடிபடவில்லை. கதாநாயகன் சேற்றில் வழுக்கி விழுந்தபோது அரங்கமே சிரிப்பில் குலுங்கியது. அந்தப் பெண்ணின் உதடு அசையவில்லை. சாவில் மட்டும் என்ன வேடிக்கை? ஒருத்தரைத் தப்பாக நினைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் கடவுளுக்குச் செய்யும் தொண்டுதான் என்று நினைப்பவள் அவள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியும்படி மூன்றாவது வரிசையில் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அவ சாகும்போது எதுக்குச் சிரிச்சே?"

பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "சத்தமா வந்துச்சாக்கா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "உள்ளுக்குள்ளயே சிரிக்கிறதா நினைச்சேன்."

"கடைசி வரிசை வரைக்கும் வந்துச்சு. வாத்தியாருக்கு மனசு கஷ்டமாப் போச்சு."

"அப்ப நான் இனிமே வரலைக்கா." பையை எடுத்துக்கொண்டாள்.

சொல்ல வந்ததை அவளே சொல்லிவிட்டாள். ஆனால் சீட்டக்கா எழுந்திருக்கவில்லை.

"வர்றதும் வராததும் அப்புறம். எதைப் பார்த்துச் சிரிச்சே? சொல்லாமப் போனா எனக்கு மண்டை வெடிச்சிடும்."

"அவங்க பேசுறதைத்தான்க்கா. திரையில 'என்னை விட்டுப் போகாதே'ன்னு எழுத்துப் போடுறாங்க. ஆனா உதட்டைப் பார்த்தா, அவர் அதைச் சொல்லவே இல்லை. 'கழுத்து வலிக்குதா? கையைத் தள்ளி வைக்கவா?'ன்னு கேக்குறார். அந்தம்மா செத்துக்கிட்டே, 'கழுத்து பரவாயில்லை, உன் ஒட்டு மீசைதான் கூசுது, சிரிச்சிடப் போறேன்'னு சொல்லுது. உடனே அவர் முகத்தைத் திருப்புறார் பாருங்க, அழுறதுக்கு இல்லை. மீசை படாம இருக்கட்டும்னு."

"நிஜமாவே கேட்டானா, கழுத்து வலிக்குதான்னு?"

சீட்டக்கா திரும்பினாள். வாத்தியார் போகாமல் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார்.

பெண் ஏற்கெனவே அவர் உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க ஐயா. ரெண்டு தடவை கேட்டார்."

வாத்தியார் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நானும் இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன். வேற என்ன பேசுறதுன்னு தெரியலை." பிறகு மீசை ஞாபகம் வந்துவிட்டது போலும், அவர் தோள் குலுங்கியது. "படுபாவிப் பய! நானும் அவன் துக்கத்துலதான் திரும்புறான்னு நினைச்சு அழுது தொலைச்சேனே!"

அதிகாரி எட்டிப் பார்த்தார். "சொல்லிட்டீங்களாக்கா?"

"புகாரை நானே திரும்ப வாங்கிக்கிறேன் தம்பி," என்றார் வாத்தியார். "அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் போடுங்க."

"படத்துக்குப் பியானோ வாசிக்கிறவர் கிளம்பிட்டாரே ஐயா?"

"போகட்டும். இந்தப் பொண்ணு சொல்லும்." அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சொன்னார்: "உரக்கவே சொல்லும்மா."

ஒன்றும் புரியாமலே அதிகாரி படத்தை ஓட்டினார். இருட்டில் அவள் குரல் தயங்கித் தயங்கி வந்தது. கழுத்து வந்தது, மீசை வந்தது. அதிகாரியும் ஐந்தாவது வரிசைக்கு வந்து, கழுத்தை நீட்டி, திரையைக் காட்டினார்.

"அந்த டாக்டர் ஏதோ சொல்லித் தலையில கை வைக்கிறாரே, அது என்ன?"

அவர் விரலைத் தொடர்ந்து பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "சீக்கிரம் சாகச் சொல்றார் சார். அவருக்குப் பசிக்குதாம்."