திரிபேனாளும் திரிபோசாளும்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரே பிரசவத்தில் இரண்டு பெண் குழந்தைகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை பிழிந்து பிழிந்து காய்த்துப்போன கைகளில் அவர்களை வாங்கியபோது, சலவைக்காரி அழுதுவிட்டாள்.

ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்திருந்ததால், பெண்களானால் வைக்கப் பெயரை மட்டும் முன்பே முடிவு செய்திருந்தாள். டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொன்ன நாலு மாதமும் பைபிளைப் புரட்டியே பொழுதைப் போக்கியவள், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் ஜோடியாக வந்த இரண்டு பெயர்களில் மனதைப் பறிகொடுத்திருந்தாள். திரிபேனாள், திரிபோசாள்.

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி வீட்டில் குழாய் மாற்றுவதானாலும் அவள் சொல்தான் கடைசி.

"கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கூலுக்கே போயிடும். அர்த்தமாவது தெரியுமா?"

தெரியாது. சலவைக்காரி புருஷனைப் பார்த்தாள். எலக்ட்ரீஷியனான அவன், அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல், ஒழுங்காக இருந்த சுவிட்சைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தான்.

மறுவாரம் மூவரும் குழந்தைகளோடு போதகரிடம் போனார்கள்.

"ரெண்டும் கிரேக்கப் பேரு, ஒரே வேர்ல இருந்து வந்தது" என்றார் அவர். "மென்மை, சொகுசுன்னு அர்த்தம். அக்கா தங்கச்சியா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க."

"சொகுசா? நம்ம குடும்பத்துலயா?" என்றாள் நாத்தனார்.

போதகர் சிரித்தார். "வேடிக்கை என்னன்னா, பவுல் அவங்க உழைப்பைத்தான் பாராட்டுறாரு. பேருதான் சொகுசு, ஆளுங்க நல்லா பாடுபட்டவங்க."

சலவைக்காரி மடியிலிருந்த குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். "பாடுபடறது தானா வந்துடும் அண்ணி. பேராவது மெத்துன்னு இருக்கட்டுமே."

நாத்தனார் அந்தக் காய்த்த கையைப் பார்த்தாள். பிறகு போதகர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்க ஐயா."

ஞானஸ்நானத்தன்று மூத்தவளின் பெயரைப் போதகர் சரியாகச் சொல்லிவிட்டார். இளையவளிடம் வந்ததும் நாக்கு குழறியது. "திரி... திரிபேசாள்..."

"திரிபோசாள், ஐயா" என்று முதல் வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல். நாத்தனார்தான்.

"உங்களுக்கு எப்படிம்மா சட்டுனு வருது?"

"வாரம் பூரா பாத்திரம் கழுவறப்போ சொல்லிப் பார்த்தேனே."

சபையே சிரித்தது. சலவைக்காரி சிரித்த சிரிப்பில் தோளில் தூங்கிய மூத்தவள் விழித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் நாத்தனார் இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பெயரையும் தப்பில்லாமல் சொன்னவர்களுக்குத்தான் குழந்தையைத் தூக்கக் கொடுத்தாள்.