மாம்பழ வாசனை

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷமாக மிஷின் ஓட்டுகிறவன் குளிர்ந்துதானே கிடக்க வேண்டும், உனக்கு மட்டும் எங்கிருந்துடா இவ்வளவு சூடு என்று டீக்கடை சக்கரவர்த்தி கேலி செய்வான். கோபத்தைவிட மோசமான குணம் ஒன்று எனக்கு உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற குணம். அது என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை. சக்கரவர்த்தி கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செய்தி. கிருமியை வைத்து மனித இன்சுலின் செய்துவிட்டார்களாம், அமெரிக்காவில் விற்க அனுமதி கொடுத்துவிட்டார்களாம். இரண்டு தடவை படித்தேன். பேப்பரைக் கிழிக்காதே என்று சக்கரவர்த்தி கத்துவதற்குள் கிழித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா பாஞ்சாலை இருந்தது எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி. மாமா இருசப்பன் கீழ்பென்னாத்தூர்க்காரர், இங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற வேலை. ஒரே பெண், பொன்னி. ஏழு வயதில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குச்சியாக இளைத்து, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சர்க்கரை வியாதி என்றார்கள். குழந்தைக்குக் கூடவா அது வரும் என்று தெருவே வாயைப் பிளந்தது. இன்சுலின் ஊசியைத் தினமும் போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆபத்து, ஆயுசுக்கும் இதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா நாலாவது வரை படித்தவள். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, மருந்தைக் கோடு பார்த்து இழுத்து, நர்ஸ் மாதிரி போடக் கற்றுக்கொண்டாள்.

அந்த மருந்து மாட்டின் வயிற்றிலிருந்தும் பன்றியின் வயிற்றிலிருந்தும் எடுப்பது. அதைக் கேட்ட நாளிலிருந்து தெருவில் எந்த மாடு போனாலும் அக்கா ஒரு கும்பிடு போடுவாள். பன்றிக்குப் போடுவாளா என்று நான் கேட்டு வசவு வாங்கியிருக்கிறேன்.

"இனிமே மாடு வேணாம்க்கா. கிருமிக்குள்ள மனுசனோட சரக்கை வெச்சு, அதையே மருந்து செய்ய வெச்சிட்டாங்க," என்றேன்.

"நோவு குடுக்கிறதே அதுதானேடா?"

"அதைத்தான் வேலை வாங்குறாங்க."

"அதுக்கு யாரு மாமா கூலி குடுப்பாங்க?" என்றாள் பொன்னி. பொல்லாத வாய் அவளுக்கு.

அக்கா சிரிக்கவில்லை. "நம்மூருக்கு எப்ப வரும்?" என்றாள்.

என் முகத்தைக் காட்டினேன். நாலு வயதில் பெரியம்மை வந்து அம்மிக்கல் மாதிரி கொத்திவிட்டுப் போன முகம். "இந்த மூஞ்சி இனிமே உலகத்துல ஒருத்தனுக்கும் வராது. அம்மையை ஒழிச்சிட்டோம்னு ரெண்டு வருசம் முந்தி பேப்பர்ல போட்டானே, மறந்துட்டியா? அம்மை ஊசி வந்தாப்ல இதுவும் வரும். அதுவரைக்கும் இருக்கிற மருந்தைப் போட்டுட்டு வா." பொன்னி அந்தத் துண்டுப் பேப்பரைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டினாள்.

பொன்னிக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் அவளே தன் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பாள். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், அதுவும் போய்ச் செங்கல் நிறம். "நீலம் ஃபர்ஸ்ட் ரேங்கு, பச்சை பாஸு, மஞ்சள் தள்ளிவிட்ட பாஸு, செங்கல் ஃபெயிலு," என்று தெருவுக்கே கேட்கும்படி ரிசல்ட் சொல்வாள். பெரும்பாலும் பச்சைதான்.

மருந்தைச் சூடு படாமல் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் ஏது? ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டி, சட்டிக்குள் பாட்டில், அதுவே போதும் என்று வேலூர் நர்ஸம்மா சொல்லியிருந்தாள். அக்கா அப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினாள். ஒரு குறையும் இல்லை. அடுத்த பங்குனியில் வெயில் கொளுத்தியது. எங்கள் ஊர் அண்ணாமலை பகலெல்லாம் சூடு வாங்கிப் பொழுது சாய்ந்தபின் ஊர்மேல் கக்கியது. அப்போது அக்கா வேலூரிலிருந்து மூன்று பாட்டில் சேர்த்து வாங்கி வந்திருந்தாள்.

"குடுக்கா, கம்பெனியில வெக்கிறேன்," என்றேன்.

"பானையே போதும்னாங்கடா."

"தாய்மாமன் ஐஸ் கம்பெனியில இருக்கிறப்ப என் மருமவளுக்கு மண்பானையா? ஊரு சிரிக்கும்க்கா."

என் மடியில் உட்கார வைத்துத்தான் பொன்னிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் சீர் என்று அன்றைக்கு அரைச் சவரனில் கம்மல் போட்டவன் நான். இதுவும் ஒரு சீர் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கொடுத்துவிட்டாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவள்.

ஐஸ் கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். உப்புப் போட்டதால் அது உறையாது, ஆனால் ஐஸைவிடக் குளிராக இருக்கும். தகர டின்களில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் இறக்கினால் கட்டியாகிவிடும். தொட்டியை மூடியிருக்கும் பலகைக்கு அடியில் ஓர் ஆணி அடித்து, துணிப் பையில் மூன்று பாட்டிலையும் போட்டு, உப்புத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டேன். தினமும் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருக்கும். பெருமையாக இருக்கும்.

சித்ரா பௌர்ணமி வந்தது. மலை சுற்ற வருகிற ஜனத்துக்குச் சர்பத், மோர், கலர் என்று ஊரெல்லாம் கடை. எல்லாக் கடைக்கும் ஐஸ். முதலாளி தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டச் சொன்னார், தண்ணீர் மட்டத்தையும் ஏற்றச் சொன்னார். மூன்று நாள் மிஷின் நிற்கவில்லை. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையை நான் மறந்தே போனேன்.

கூட்டம் கலைந்த மறுநாள் அக்கா வந்து, பானையிலிருந்த பழைய பாட்டில் தீர்ந்துவிட்டது என்றாள். பலகையைத் தூக்கினேன். பை உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மூன்று பாட்டிலும் கல். நல்லவேளை, உடையவில்லை. அக்கா வெளியே நின்றிருந்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டி, வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினேன். உருகிப் பழையபடி பால் மாதிரி ஆனது. உள்ளே துளித்துளியாக என்னவோ மிதந்தது. குலுக்கினேன், அடங்கியது.

பதினோரு வருஷம் தண்ணீரை ஐஸாக்கி, ஐஸ் தண்ணீராவதைப் பார்த்தவன். உருகினால் தண்ணீர்தானே? உறைந்ததால் கெட்டுப்போன ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். சொன்னால் பயந்துகொள்வாளே என்று அல்ல. பானையே போதும்னாங்கடா என்று இன்னொரு தடவை சொல்வாளே என்று.

மறுநாள் காலை பொன்னி ரிசல்ட் சொல்லவில்லை. அக்காதான் குழாயோடு என் வீட்டுக்கு வந்தாள். செங்கல்.

அந்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமாவின் அம்மா ஒரு கூடை மாம்பழம் அனுப்பியிருந்தாள். அது வைக்கோலுக்குள் அக்கா வீட்டு மூலையில் இருந்தது. அக்கா கூடையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள்.

"தின்னியாடி?"

"இல்லம்மா."

அதற்கும் மறுநாள் செங்கல். பொன்னி மறுபடி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "நாலு கோடு ஏத்திப் போடுக்கா," என்று நான்தான் சொன்னேன், பெரிய டாக்டர் மாதிரி. அக்கா ஏற்றிப் போட்டாள். மூன்றாம் நாளும் செங்கல். அன்றைக்கு வாந்தி வேறு. அவளைத் தூக்கி வாய் துடைத்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பெண்ணின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். என்னையும் முகரச் சொன்னாள். பழ வாசனை, நன்றாக அளிந்த பழத்தின் வாசனை.

அக்கா பொன்னியின் முதுகில் இரண்டு அடி வைத்தாள். ஜென்மத்தில் அந்தப் பெண்ணை அடித்தவள் இல்லை. "உசுரைக் குடுத்து ஊசி போடுறேன், திருடித் தின்னுறியா? கொட்டையை எங்கடி போட்ட?"

"நான் தின்னலம்மா. சத்தியமா தின்னல."

எனக்குத் தலைக்கேறியது. எங்கள் ஊரில் பொய்யா மெய்யா என்று தெரிய வேண்டுமானால் கோர்ட்டு வேண்டாம், வாசலுக்கு வந்தால் போதும், எதிரே மலை. அவளைத் தோளைப் பிடித்து வாசலில் நிறுத்தினேன். "மலையைப் பார்த்துச் சொல்லு."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணாமலையாரே, நான் தின்னல."

"மலைக்கே பொய் சொல்ற நாக்குடி இது," என்றேன். நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது மூச்சு ஓடி வந்தவள் மாதிரி வாங்கியது. எழுப்பினால் கண் சரியாகத் திறக்கவில்லை. மாமா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். எங்கள் ஊர் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் அவள் வாயை முகர்ந்ததுமே முகம் மாறினார். சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"மருந்து பாட்டில் எங்க?"

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திரிந்த பால் மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

"ஐஸ் கம்பெனிலங்க."

"உறைஞ்சுதா?"

"உறைஞ்சுதுங்க. அப்புறம் உருகிடுச்சு."

"உறைஞ்சா மருந்து செத்துடும்யா. நாலு நாளா வெறும் தண்ணியைத்தான் போட்டிருக்கீங்க."

"பழம் தின்னுட்டாளுங்க. வாசனை கூட…"

"அது பழமில்ல. மருந்து இல்லாம ரத்தம் கெட்டுப்போனா மூச்சு அப்படித்தான் வரும்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தன்னிடம் இருந்த மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார், உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

மண்டி வேன் வந்தது. மடியில் அக்கா பெண்ணைப் போட்டுக்கொண்டாள். மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, போ, போ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது. மாற்றிப் பிடித்தேன். அதைத் தவிர அந்த வேனில் நான் செய்ய ஒன்றுமே இல்லை. ஊரையே குளிர வைக்கிற மிஷினை ஓட்டுகிறவனால் ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

போளூர் தாண்டும்போது பொன்னி கண்ணைத் திறந்தாள். "மாமா, இன்னிக்கு என்ன கலரு?"

"பச்சைடா கண்ணு."

"பாஸா?"

"பாஸு."

கண்ணமங்கலம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வேன் அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் வேலூர்ப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த இரண்டு பாட்டிலை உடைத்துச் சாக்கடையில் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இழவுக்கு வந்தவர்கள் பிள்ளை வாயைக் கட்டத் தெரியாமல் போய்ச் சேர்ந்தது என்றார்கள். அக்காவும் தலையாட்டினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள். சின்னப் பிள்ளை என்பதால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சுவரில் ஒட்டிய துண்டுப் பேப்பருக்குக் கீழே விளக்கேற்றி ஓர் இலை போட்டார்கள். அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். வெல்லம். ஜாங்கிரி. சர்க்கரைப் பொங்கல். கடைசியாக ஒரு மாம்பழத்தைக் கழுவி, துடைத்து, இலை நடுவில் வைத்தாள்.

"ஆசைப்பட்டுத்தானே தின்னா பாவம். இனிமே ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வயிறாரத் தின்னட்டும்," என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவ தின்னலக்கா."

அக்கா நிமிர்ந்தாள். மூன்று பாட்டிலும் கல்லாகக் கிடந்ததை, வெயிலில் காட்டியதை, வாசனைக்கு டாக்டர் சொன்ன காரணத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா எழுந்து வந்து, நான் பொன்னியைப் பிடித்த மாதிரியே என் தோளைப் பிடித்து வாசலுக்குக் கொண்டு வந்தாள்.

"மலையைப் பார்த்துச் சொல்லு."

சொன்னேன். "அவ தின்னல. மருந்தைக் கெடுத்தவன் நான்."

என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடிக்க வேண்டும் என்றுதான் நின்றேன். அவள் தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எதுக்குடா அவளை அடிச்சேன்?" என்றாள்.