குதிரையின் பின்பாதி

அவரை எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துப் பக்கமே அவர் போனதில்லை. வெயிலுக்கு வைத்துக்கொண்ட தொப்பியும், முறுக்கிவிட்ட மீசையும், வண்டியில் முதுகு வளையாமல் உட்காரும் தோரணையும் சேர்ந்து அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்திருந்தன. பூங்காவைச் சுற்றிக் காட்டும் குதிரை வண்டிகள் ஊரில் மொத்தம் மூன்று. அதில் அவருடையதுதான் பழையது. குதிரையின் பெயர் சீமாட்டி. சாம்பல் நிறப் பெண் குதிரை. பெயருக்கேற்ற அலட்டலும் உண்டு. நிழல் இல்லாத இடத்தில் நிற்காது, கலங்கிய தண்ணீரில் வாய் வைக்காது.

சதுக்கத்தின் மூலையில் ஒரு பெரிய மரம். அதன் நிழலில்தான் மூன்று வண்டிகளும் நிற்கும். தெருவிலிருந்து நடைபாதைக்கு ஏறச் சாய்வாகக் கட்டிய ஒரே இடமும் அந்த மரத்தடிதான். மற்ற பக்கமெல்லாம் ஒரு சாண் உயரத்துக்குத் திட்டு.

சீமாட்டிக்கு ஒரு பழக்கம். ஒரு சுற்று முடிந்து நிழலில் வந்து நின்றதோ இல்லையோ, வாலைத் தூக்கிவிடும். லத்தி ஆவி பறக்க அந்தச் சரிவின் அடியில் வந்து விழும். கர்னல் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மத்தியானம் நகராட்சித் துப்புரவுக்காரர் வருவார், கூட்டி அள்ளுவார், போவார். அதுவரை குருவிகள் கிளறிக்கொண்டிருக்கும்.

யாராவது முகம் சுளித்தால் கர்னலிடம் பதில் தயாராக இருந்தது. "புல்லுதானே தின்னுது? புல்லுதான் வெளியே வருது. நாய் போடறதும் இதுவும் ஒண்ணா?"

சதுக்கத்தில் நகராட்சி ஒரு பலகை வைத்திருந்தது. விலங்குகளின் கழிவை அவற்றின் உரிமையாளரே அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதி, மேலே ஒரு நாயின் படம் போட்டிருந்தார்கள். சட்டம் பேச வருகிறவர்களுக்குக் கர்னல் அந்தப் படத்தைத்தான் காட்டுவார். "வாலைப் பாருங்க, எப்படிச் சுருண்டிருக்கு! குதிரைக்கு எங்கேயாவது வால் சுருளுமா?" கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சிரிக்காதவர் ஒருவர்தான். சதுக்கத்துக்கு அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அம்மாள். நாற்பது வயதைத் தாண்டியவர். சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு, தினமும் காலை ஒன்பதரைக்கு அந்தச் சரிவில் ஏறுவார். இரக்கப்பட்டு யாராவது பின்னாலிருந்து தள்ள வந்தால் அவருக்குப் பிடிக்காது. "வேணாம், நானே போயிக்குவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

ஒருநாள் கர்னலின் வண்டிப் பக்கம் நாற்காலியை நிறுத்தினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் அள்ளிப் போடக் கூடாதா?"

"துப்புரவுக்காரர் வருவாரும்மா."

"அவர் வர்றது ரெண்டு மணிக்கு. நான் போறது ஒன்பதரைக்கு."

"அப்படிக் கொஞ்சம் ஓரமா ஒதுங்கிப் போயிடுங்களேன்."

கண்ணாடிக்கார அம்மாள் சரிவைப் பார்த்தார். நாற்காலியின் அகலத்தைவிட அது இரண்டு விரற்கடைதான் கூடுதல். நாற்காலியைத் திருப்பி ஏறிப் போனார். அடுத்த வாரம் இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் கர்னல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. பழகிவிட்டார் என்று கர்னல் நினைத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் அது. விடியற்காலைத் தூறலில் தரை ஈரமாக இருந்தது. சீமாட்டி வழக்கம்போல் தன் காரியத்தை முடித்திருந்தது. லத்தி ஈரத்தில் ஊறி, சரிவின் பாதி அகலத்துக்குக் கூழாகப் பரவிக் கிடந்தது. கண்ணாடிக்கார அம்மாள் வந்தார். முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்சக்கரம் வழுக்கியது. பிடி நழுவ, நாற்காலி பின்பக்கமாக உருண்டு தெருவுக்குள் போய்ச் சாய்ந்தது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். எதிரே வந்த ரொட்டி வேன் பிரேக் பிடித்துக் கிறீச்சிட்டு ஒரு முழத்துக்கு இப்பால் வந்து நின்றது.

கர்னல் வண்டியிலிருந்து குதித்து ஓடினார். வேன்காரரும் இறங்கி ஓடிவந்தார். இருவருமாக அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. வேறு பெரிய அடி இல்லை.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றார் கர்னல்.

"ஆச்சு" என்றார் கண்ணாடிக்கார அம்மாள்.

உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் லத்தி. "இன்னைக்கு விழுந்ததால ஆனதுன்னு நினைக்காதீங்க. தினமும் ஆகுது. சக்கரத்துல ஒட்டும். சக்கரத்தைத் தள்ளுறது என் கை. கடைக்குப் போய் மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் முதல் ஆளுக்குக் கண்ணாடி மாட்டுவேன். போன மாசம் உங்க வீட்டம்மா மூக்குல மாட்டினதும் இந்தக் கைதான்."

கர்னல் குனிந்து பார்த்தார். நாற்காலியை நிமிர்த்தும்போது சக்கரத்தைப் பிடித்திருந்ததில் அவருடைய கையிலும் அதுதான் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷமாக லாயத்தில் அள்ளாத லத்தியா? ஆனால் அங்கே மண்வெட்டி இருந்தது, கையுறை இருந்தது, அவருக்கு இஷ்டப்பட்ட நேரமும் இருந்தது.

பக்கத்தில் தண்ணீர் என்று இருந்தது சீமாட்டிக்கு வைத்திருந்த வாளிதான். அதிலிருந்து மொண்டு அவர் ஊற்ற, கண்ணாடிக்கார அம்மாள் கை கழுவினார். முழங்கைக் காயத்தையும் கழுவினார். பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அதே சரிவில், பாக்கியிருந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்து ஏறிப் போனார். கர்னல் தள்ளப் போகவில்லை. அந்த அளவுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

வீட்டில் கர்னல் பாதியைச் சொன்னார், பாதியை மென்று முழுங்கினார். மழையில் ஒரு அம்மா வழுக்கி விழுந்துவிட்டார், தூக்கிவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதி வேறு வழியாக வந்துசேர்ந்தது. அவருடைய மச்சினிச்சி, அதாவது மனைவியின் தங்கை, சதுக்கத்தில் காய்கறி, பழக் கடை வைத்திருந்தாள். சாயங்காலம் அக்காவைப் பார்க்க வந்தவள், நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, "மாமா சொல்லலையா?" என்று வேறு கேட்டாள்.

மனைவி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். துணியை எடுத்து அதை நன்றாகத் துடைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஏங்க, அந்தக் குதிரை உங்களுதுதானே?"

"இதென்ன கேள்வி?"

"இல்லை, முன்பாதி மட்டும்தான் உங்களுதோன்னு கேட்டேன். தலையைத் தடவுறீங்க, பிடரியைச் சீவுறீங்க, ஊரெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்க. பின்பாதியை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

மச்சினிச்சி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டார். அன்று சாப்பிட வர வெகுநேரம் ஆனது.

மூன்றாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடிக்கார அம்மாள் புகார் எழுதவில்லை. எழுதியது வேன்காரர். இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் அந்தம்மா வேனுக்கு அடியில் போயிருப்பார் என்று அதில் எழுதியிருந்தாராம். வண்டிக்காரர்கள் மூவரும் சுகாதார அதிகாரி முன்னால் வர வேண்டும் என்று உத்தரவு.

போகிற வழியில் ஒல்லி பக்கத்தில் வந்து நடந்தான். இரண்டாவது வண்டி அவனுடையது. பெயர்தான் ஒல்லி, ஆள் வண்டிச்சக்கரம் மாதிரி இருப்பான். "அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. மூணு குதிரை நிக்கிற இடம். எது போட்டதுன்னு எவனுக்குத் தெரியும்? லத்தியில பேரா எழுதியிருக்கு? தெரியாதுன்னு ஒரே வார்த்தை. மூணு பேரும் அதையே சொல்லிட்டா, அதிகாரியே பேப்பரை மடிச்சு வச்சிருவார்."

கர்னல் பதில் சொல்லவில்லை. சரி என்று ஒல்லி எடுத்துக்கொண்டான்.

அதிகாரியின் அறை சின்னது. அலமாரிமேல் கோப்புகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நாற்காலிகள் இரண்டே. அதில் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்கார அம்மாளின் சக்கர நாற்காலிக்கு இடம் பண்ணியிருந்தார்கள். வேன்காரர் சுவரோரம் நின்றார். அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் பேனாவும் மாறி மாறி அவர் கையில் இருந்தன.

"எந்தக் குதிரைன்னு யாராவது பார்த்தீங்களா?"

"நான் அந்தம்மா விழுந்ததைத்தான் சார் பார்த்தேன்" என்றார் வேன்காரர்.

அதிகாரி கண்ணாடிக்கார அம்மாளைப் பார்த்தார். "நீங்க?"

"நான் பார்க்கலை சார். நான் வந்தப்ப அது ஏற்கெனவே கிடந்தது. மூணு குதிரையும் நின்னுச்சு. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன்."

ஒல்லி கர்னலின் முதுகில் விரலால் லேசாக இடித்தான். ஒல்லியும் தெரியாது என்றான், மூன்றாவது வண்டிக்காரரும் தெரியாது என்றார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கர்னல் பக்கம் திரும்பினார். பேனாவை அதற்குள்ளேயே மூடிவிட்டிருந்தார்.

கர்னல் அந்த அம்மாளைப் பார்த்தார். முழங்கையில் கட்டு. முகத்தில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. இவரைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோட குதிரைதான் சார்" என்றார் கர்னல். "சீமாட்டி. தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் போடும். இந்தம்மா என்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க. நான் அள்ளலை."

பின்னால் ஒல்லி 'ச்சு' என்று சத்தமாகவே சொன்னான். அதிகாரி பேனாவைத் திறக்க வேண்டியதாயிற்று.

பதினைந்து நாள் வண்டி ஓட்டத் தடை. அது கர்னலுக்கு. மூன்று பேருக்கும் பொதுவாக இரண்டு உத்தரவுகள். வண்டிகள் இனி சரிவுப் பக்கம் நிற்கக்கூடாது, எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் லத்திப் பை கட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. வெளியே வந்ததும் ஒல்லி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "உங்க வாயால எங்க மரமும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

கண்ணாடிக்கார அம்மாள் படியில்லாத பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தபோது கர்னல் அங்கே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் அள்ளியிருக்கணும்மா" என்றார்.

"ஆமா" என்றார் அவர். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

தடை விதித்த பதினைந்து நாளும் வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. மனைவி பழைய கூடாரத் துணியை வெட்டி இரட்டை மடிப்பாகத் தைத்தாள். வாளியைவிட அகலமான வாய், இரண்டு பக்கமும் தோல் வார். அதைச் சேணத்தோடு மாட்டினால் வாலுக்குக் கீழே தொட்டில் மாதிரி தொங்கும். தைத்ததில் குறை இல்லை. சீமாட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, லாயத்து வாசலில் அரைமணி நேரம் சிலையாக நின்றது. இரண்டாம் நாள் உதைத்த உதையில் பை கூரைமேல் போய் விழுந்தது. மனைவி ஏணி வைத்து எடுத்தாள்.

"சீமாட்டிக்குப் பாவாடை பிடிக்கலை போல" என்றாள் கீழே இறங்கிக்கொண்டே.

பிறகு கர்னல் வேறு மாதிரி செய்தார். பையைக் கட்டாமல் தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். இரண்டு நாளில் சீமாட்டி அதை மோந்து பார்த்தது. மூன்றாம் நாள் முதுகில் போட்டார், ஐந்தாம் நாள் வாலுக்குக் கீழே கட்டி, வண்டியில்லாமல் முற்றத்தில் நடத்தினார். மனைவி முன்னால் ஒரு கேரட்டைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். தடை முடிவதற்கு முந்தின நாள் முதல் லத்தி பைக்குள் விழுந்தது. தொம்மென்று சத்தம் கேட்டுச் சீமாட்டி திரும்பிப் பார்த்தது, பிறகு கேரட்டைப் பார்த்தது. கர்னல் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் எதிர்ப்பக்கத்து வெயிலில் வண்டியை நிறுத்தினார். நிழல் இல்லாமல் நிற்காத சீமாட்டியை அங்கேயும் கேரட்டைக் காட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஒல்லி தூரத்திலிருந்தே, யாரிடமோ சொல்கிற மாதிரி, "கர்னலுக்கு லத்தி கிடைச்சிருச்சுடா, இனிமே போலீஸ் வேலைதான்" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கர்னலுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மீசைக்குள் அடக்கிக்கொண்டார். பை நிறைந்ததும் பூங்காத் தோட்டக்காரரின் உரக்குழியில் கொட்டிவிட்டு வந்தார். தப்பித் தவறி வெளியே விழுந்ததை அள்ள இருக்கைக்கு அடியில் ஒரு தட்டு மண்வெட்டியும் வைத்துக்கொண்டார்.

ஒன்பதரைக்குக் கண்ணாடிக்கார அம்மாள் வந்தார். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து கர்னல் பார்த்தார். சரிவு சுத்தமாக இருந்தது. ஆனாலும் அவர் அடியில் நிறுத்தி, குனிந்து, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். கர்னலைப் பார்த்தால் தலையை அசைப்பார், இவரும் அசைப்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வளரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒல்லி வீட்டு வாசலில் வந்து நின்றான். கால் லேசாக நொண்டியது. கையில் இரண்டாகக் கிழிந்த ஒரு பை.

"அண்ணே" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. "என் குதிரை இதைப் பார்த்தாலே உதைக்குது. நாளைக்கு அதிகாரி பார்க்க வர்றாராம்."

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கர்னல் கிழிந்த பையை வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

"ஒரு நாளைக்குள்ள ஆகாதுடா" என்றார். "அதிகாரிகிட்ட நான் சொல்றேன். கேரட் வாங்கி வச்சிருக்கியா?"

"இல்லைண்ணே."

"அப்ப வா, மச்சினிச்சி கடையில வாங்கிட்டே போகலாம்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.