இந்த வருஷத்து நடுக்கம்

"போயிடுச்சு," என்றார் சித்தப்பா.

சோதனைப் பாதையின் நேர்கோட்டில் கார் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்த அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். எங்கேயும் போகவில்லை. வளையம் மெல்ல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது; அதைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டில் வாட்ச் வாரின் தளர்ந்த நுனியும் கூடவே துடித்தது. ஒரு வருஷமாக அவள் விரட்டிக்கொண்டிருந்த நடுக்கம், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. இதுதான் கடைசி முயற்சி, இனி மாற்றிப் பார்க்கப் பாகம் எதுவும் பாக்கியில்லை. இந்தத் தடவை சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லி, ஒரு சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் காரில் ஏறியிருந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

"சுத்தமா போயிடுச்சும்மா. எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது ஒரே ஒரு கார். நாலு கதவு, பார்க்கப் பரம சாது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகிற கார் மாதிரி இருக்கும். மிதித்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். வருஷத்துக்குச் சில நூறு விற்றாலே பெரிது. புது மாடல் போடுமளவுக்கு வசதி கிடையாது என்பதால், வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்றை வருஷா வருஷம் பொறுக்கியெடுத்துத் தீர்த்துவிட்டு, 'இந்த ஆண்டின் மேம்பாடு' என்று விளம்பரம் செய்வார்கள். ஒரு வருஷம் பிரேக், ஒரு வருஷம் கியர், ஒரு வருஷம் பின்சீட்டுக்கு அடியில் ஏறும் சூடு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் அதே கார்தான். பழைய மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை என்பார் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். அவருக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர், பேச்சும் அப்படித்தான்.

இந்த வருஷத்துக் குறை, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது. அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கருவி வைத்து அளந்தால் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது, போன வருஷமும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் வாங்கியவர்களின் கைக்குத் தெரிந்தது. அதனால் கடைசி வார்த்தை டெஸ்ட் டிரைவருடையது. டெஸ்ட் டிரைவர் அவளுடைய அப்பாவின் தம்பி.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. நடுக்கம் அவர் கையிலேயே இருந்தும் அவருக்குத் தெரியவில்லை என்றால், கோளாறு காரில் மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் டாக்டரிடம் அனுப்புவார்கள், பிறகு கேட் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கையை நம்பிச் சோறு தின்கிற மனுஷர். இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான். சித்தப்பாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பிரிவுத் தலைவர் இடம் காலியாக இருப்பதும், நடுக்கம் தீர்ந்தால் அது தனக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரியாதா என்ன? தன்னை நினைக்க அவளுக்கே கூசியது.

மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு கேக் வெட்டினார். "அவர் கை சொல்லிட்டா எனக்கு வேற ரிப்போர்ட்டே வேணாம்," என்றார். சித்தப்பா கூச்சத்தோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சித்தப்பாவும் பொண்ணுமா சேந்து பேயை ஓட்டிட்டீங்க," என்றார் சுத்தியல். "இனிமே கம்ப்ளெயின்ட் வந்தா, ஓட்டுறவன் குடிச்சிருக்கான்னு சொல்லிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறக்கும்போதே சித்தி ஆரம்பித்துவிட்டாள். "நீயாவது கேளும்மா. அடுப்புலேர்ந்து பாத்திரத்தை வெறுங்கையால எறக்கறார். தோல் வெந்து போச்சு, ஒரு வார்த்தை சொல்லல. கேட்டா சுடலைங்கறார்."

சித்தப்பா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் கட்டு. கிளிப்பை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து மாட்டினார். அவள் பக்கத்தில் போய் நின்று ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தாள்.

"எப்பலேர்ந்து சித்தப்பா?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷமே. விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. சித்திகிட்ட சொல்லாதே, ஊரைக் கூட்டிடுவா."

"அப்ப டெஸ்ட்ல எப்படிச் சொல்றீங்க?"

"உன்னை வெச்சுத்தான்." சொல்லிவிட்டு, பலகாரம் திருடி மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். "உங்க அப்பனும் அப்படித்தான், ஒண்ணை மறைக்கத் தெரியாது. கார்ல ஏதாவது சரியில்லைன்னா உன் முகம் சுண்டிப் போயிடும். திரும்பிப் பாப்பேன், இன்னும் இருக்குன்னு சொல்லிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அன்னைக்கு நீ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் கையிலிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப் பிழிந்தபடி அவர் சொன்னார், "இந்தக் காரை வெளியே அனுப்பிட்டு வேலைலேர்ந்து நின்னுடலாம்னு இருக்கேன். மேலாளர்கிட்ட சொல்லியாச்சு. கடைசியாச் சொன்னதைச் சரியாச் சொல்லிட்டோம், அது போதும்."

சித்தப்பாவின் வேலைக்காக என்று அவள் வைத்திருந்த சாக்கு அதோடு முடிந்தது. சொல்லிவிட வேண்டியதுதான். பக்கத்தில் வேறு யாருமில்லை, கேட்டால் அடிக்கிற மனுஷரும் இல்லை. 'சித்தப்பா' என்று வாயெடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. மருந்து போடுங்க."

வருஷத்தின் முதல் காரை, வாங்குகிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால், டெஸ்ட் டிரைவர் பாதையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். வாங்க வந்தவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். சின்னவள் அவர் தோளில் இருந்தாள். சுத்தியல் அவர்களுக்குக் குடை பிடித்தபடி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தார். சித்தப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, "வாம்மா, நீ இல்லாம எப்படி?" என்றார்.

காரில் புது இருக்கையின் வாசனை. முதல் வளைவு தாண்டியது, இரண்டாவதும் தாண்டியது. நேர்கோடு வந்ததும் அவர் மிதித்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள், அதற்குள் வேகம் ஏறிவிட்டது. காலடியில் தரை லேசாக அதிரத் தொடங்கியது.

சித்தப்பா சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். கன்னம் இழுத்ததே தவிர வரவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"ரோட்டைப் பாருங்க சித்தப்பா."

கார் கோடு பிசகாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.